விட்டதை வாசிக்கும் பெட்டி

கடல் தண்ணீரைப் பாத்தி கட்டிப் பிடித்து, வெயிலுக்குக் குடிக்கக் கொடுத்து, வெயில் குடித்தது போக மிச்சம் கிடக்கிற வெள்ளையைக் கூட்டி அள்ளி உலகத்துக்கு அனுப்புகிற ஊர் எங்களுடைய சங்குமேடு. அந்த ஊரில், மேலே நிற்கிற சூரியனோடு பாத்திக்குள் கிடக்கிற சூரியனையும் சேர்த்து இரண்டு சூரியனைப் பார்த்துப் பார்த்து ஐம்பது வயதுக்குள் கண் மங்கிப்போகிற ஜனங்களுக்கு நடுவே, எழுபத்துமூன்று வயது வரை கண்ணாடிகூடப் போடாமல் வாசித்துக்கொண்டிருந்தவன் ஒருவன் உண்டென்றால் அது நான்தான்: சூசைமாணிக்கம், உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் முன்னாள் செயலாளர், மூன்று முறை சிறை, ஒரு முறை மண்டை உடைப்பு, படிப்பு ஐந்தாம் வகுப்பு, மீதியெல்லாம் துண்டுப்பிரசுரம்.

எங்கள் ஊரில் எழுத்து என்பது கண்ணால் பார்க்கிற பொருளாக இருந்ததில்லை, காதால் கேட்கிற பொருளாகத்தான் இருந்தது. கஞ்சி குடிக்கிற நேரத்தில் பெண்கள் வரப்பில் வரிசையாக உட்காருவார்கள், நான் உப்பு அம்பாரத்தின் ஓரத்தில் நின்று வாசிப்பேன். சங்கத்தின் நோட்டீஸ், முதலாளியின் நோட்டீஸ், ரேஷன் கடைக் காகிதம், ஓடிப்போன புருஷன் போட்ட கடிதம், எதுவானாலும் என் வாய் வழியாகத்தான் அவர்களுக்குப் போகும். வாசித்து முடித்ததும் மை தடவிக் கட்டைவிரலை வைப்பார்கள். யாராவது வெளியூர்க்காரன் ஒரு காகிதத்தை நீட்டி ரேகை கேட்டால், "மாணிக்கம் அண்ணாச்சி வாசிச்சாச்சா?" என்று கேட்பார்கள், இல்லையென்றால் விரலை மடக்கிக்கொள்வார்கள். இதைவிடப் பெரிய பதவி எதையும் நான் வகிக்கவில்லை. எம்.எல்.ஏ. சீட்டு வந்தபோது வேண்டாம் என்றவன் நான். அதை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பாவிட்டால் போகட்டும்.

என் கண் உப்பால் போகவில்லை, சர்க்கரை வியாதியால் போயிற்று. முதலில் பேப்பரில் நடு வரி காணாமல் போனது, பிறகு முகங்கள், பிறகு ஒரு ஆவணி மாதம் முழுவதும் கரைந்து போய்க் கடைசியில் வாசல் எது சுவர் எது என்று கையால் கேட்கிற நிலை வந்தது. அந்தச் சமயத்தில்தான், பெரிய வேலைநிறுத்தம் நடந்து நாற்பது வருடம் ஆகிறது, விழா எடுத்து மலர் ஒன்று போட வேண்டும், அதில் போராட்ட வரலாற்றை அண்ணாச்சிதான் எழுத வேண்டும் என்று வந்து நின்றான் ஞானதுரை. அவன்தான் இப்போது செயலாளர். மைக் முன்னால் நிற்கத் தெரியும், வரப்பில் நடக்கத் தெரியாது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பசை காய்ச்சிப் போஸ்டர் ஒட்டியவர்களின் சங்கத்தை இப்போது போனில் தட்டித் தட்டி நடத்துகிறான். இருந்தாலும் என்னைத் தேடி வந்தவன் அவன் ஒருவன்தானே என்று சரி என்றேன்.

"நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, நான் எழுதிக்கிடுதேன்" என்றான்.

"என் எழுத்தை எவன் கையிலயும் குடுத்ததில்ல, குடுக்கவும் மாட்டேன்" என்றேன். அதனால்தான் சங்க அலுவலகத்துக்குப் பெட்டி வந்தது; மடக்கித் திறக்கிற சின்னக் கம்ப்யூட்டர்தான், ஊர் அதைப் பெட்டி என்றது. பெட்டிக்குப் பேச்சுக் கொடுக்க ஜெசிந்தா வந்தாள்.

ஜெசிந்தாவுக்குப் பிறவியிலேயே கண் இல்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். டவுனில் ஒரு வங்கியில் வேலை, ஞாயிற்றுக்கிழமையில் மினி பஸ் ஏறிப் போய்க் கண் தெரியாதவர்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுப்பாள். வந்தவுடன் கோலை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீர் வேண்டாம், டீ இருந்தால் குடுங்கள் என்று கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"படம் வேண்டாம், கலர் வேண்டாம் அண்ணாச்சி. வெறும் எழுத்து மட்டும் எழுதுற செயலி ஒண்ணு இருக்கு, வெள்ளைத் தாள் மாதிரி. அதுக்குள்ள இந்தப் பேசுற சாஃப்ட்வேரைப் பூட்டி விட்டுட்டேன்னா நீங்க தட்டுறதெல்லாம் அது வாய் விட்டுச் சொல்லும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். அழிச்சாலும், எந்த எழுத்தை அழிச்சீங்கன்னு சொல்லிட்டுத்தான் அழிக்கும்."

"அழிச்சத எதுக்குச் சொல்லணும்?"

"கண்ணு தெரியாதவனுக்கு என்ன போச்சுன்னு தெரிய வேண்டாமா? நல்ல ஆளு நீங்க."

அவள் தட்டத் தட்டப் பெட்டி பேசியது. மூக்கடைத்த குரல், தாலுகா ஆபீசில் ஜலதோஷத்தோடு பெயர் கூப்பிடுகிற குமாஸ்தா மாதிரி. அவளுக்கு அது கடுகு வெடிக்கிற வேகத்தில் பேச வேண்டும், எனக்காக அதை மாட்டுவண்டி வேகத்துக்கு இறக்கினாள். குரலின் கனம் எவ்வளவு, எழுத்து எழுத்தாகச் சொல்ல வேண்டுமா, சொல் சொல்லாகச் சொல்ல வேண்டுமா, காற்புள்ளியை வாசிக்கவா விடவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத் திருகினாள். பிறகு என் இரண்டு சுட்டுவிரலையும் பிடித்து இரண்டு எழுத்துக் கட்டைகளின் மேல் வைத்தாள். "இந்த ரெண்டுலயும் சின்ன மேடு இருக்கும், தடவிப் பாருங்க. இதுதான் உங்க வீட்டு வாசல். இங்கேருந்து இடது கைக்கு உயிரெழுத்து, வலது கைக்கு மெய்யெழுத்து. வழி தப்பிட்டா வாசலுக்கு வந்துருங்க."

இருபது நாளில் எனக்குக் கை பழகியது. இருபத்தோராம் நாள் நான் முதல் வாக்கியத்தை எழுதினேன்: வேலைநிறுத்தத்தின் முதல் நாளன்று மூவாயிரம் தொழிலாளர்கள் கடலெனத் திரண்டனர். எழுதிவிட்டு, மேலிருந்து வாசிக்கச் சொல்லும் கட்டையை அழுத்தினேன். பெட்டி அதை எழுத்துப் பிசகாமல் வாசித்தது, ஒரு மூச்சு விடுகிற நேரம் நிறுத்தியது, பிறகு அதே மூக்கடைத்த குரலில், "விட்டது" என்றது. "அன்று வந்தவர்கள் நானூற்றுப் பத்துப் பேர். அவர்களில் முன்னூறு பேர் பெண்கள்."

எனக்கு ஆச்சரியம் வரவில்லை, கோபம்தான் வந்தது. சங்கத்துக்குள் இருந்துகொண்டே எண்ணிக்கை கேட்கிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு, உன் பெட்டிக்கு வாய் ஜாஸ்தி என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். எல்லாத் திருகலையும் தடவிப் பார்த்தாள். சோதிப்பதற்காக அவளே ஒரு வரி தட்டினாள்: என் பெயர் ஜெசிந்தா, நான் நலமாக இருக்கிறேன். பெட்டி வாசித்தது, மூச்சு விட்டது. "விட்டது. வெள்ளிக்கிழமை உதவி செய்வதாகச் சொல்லி ஒருவன் கையைப் பிடித்து வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்டான். தெரியாத நிறுத்தத்தில் ஒரு மணி நேரம் நின்று அழுதது."

கோலை அவள் விரித்து மறுபடி மடக்குகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரியாத்தான் வாசிக்கு" என்றாள்.

முழுவதையும் கழற்றி மறுபடி போட்டுப் பார்த்தாள், வேறு குரலை மாட்டிப் பார்த்தாள், பெண் குரல் வந்து அதுவும் "விட்டது" என்றது. "செட்டிங்ல ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. இதுக்குச் சுபாவம் இப்படி."

"பேச்சை நிறுத்திப் போட முடியாதா?"

"ஒரு கட்டையை அமுக்கினா நின்னுரும். பொறவு நீங்க எப்படி எழுதுவீங்க?"

விஷயம் இரண்டே நாளில் ஊருக்குள் போயிற்று, மூன்றாம் நாள் ஊர் அலுவலகத்துக்குள் வந்தது. முதலில் வந்தவர் டீக்கடை தவசிக்கனி. 'இங்கு கலப்படமற்ற பசும்பால் டீ கிடைக்கும்' என்று போர்டு எழுத இருந்தவர், அதைத் தட்டச் சொல்லிக் கேட்டார். பெட்டி, விட்டது, ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் என்றது. "அது ஊருக்கே தெரிஞ்சதுதானவே, என்னமோ கண்டுபிடிச்ச மாதிரி சொல்லுது" என்று சொல்லிவிட்டுப் போய், போர்டில் 'டீ' என்று மட்டும் எழுதினார். கல்யாணப் பத்திரிகைகளைக் கொண்டுவந்தார்கள். ஒரு மாப்பிள்ளைக்கு வயது கூடிற்று, ஒரு மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று, ஒரு பெண்ணுக்கு வேறொருவன் மேல் இருந்த பிரியம் ஊருக்குத் தெரிந்து, அவனையே வரவழைத்துக் கட்டிவைத்தார்கள். கோயில் உபதேசியார் திருவிழா நோட்டீஸோடு வாசல் வரை வந்து, உள்ளே இருந்த கூட்டத்தைக் கேட்டுவிட்டு, பிறகு வருகிறேன் என்று போனவர் பிறகு வரவில்லை. வார்டு கவுன்சிலர் செய்த பணிகளின் பிரசுரத்தை அவருடைய எதிராளி கொண்டுவந்து தட்டினான். அன்றைக்கு "விட்டது" என்று ஆரம்பித்த பெட்டி நாற்பது நிமிஷம் நிறுத்தாமல் வாசித்தது, ஜனங்கள் சோற்றைத் தூக்குவாளியில் வரவழைத்து அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டபடி கேட்டார்கள்.

முதலாளிகள் சங்கம் ஒரு சுற்றறிக்கை விட்டது: உப்பளம் சம்பந்தப்பட்ட எந்தக் காகிதத்தையும் பெட்டிக்குக் காது கேட்கும் தூரத்தில் கொண்டுபோகக் கூடாது. எங்கள் சங்கமும் சும்மா இருக்கவில்லை. பெட்டியின் கருத்து பெட்டியின் தனிப்பட்ட கருத்தே அன்றிச் சங்கத்தின் கருத்தல்ல என்று ஞானதுரை தீர்மானம் போட்டான். அந்தத் தீர்மானத்தைப் பெட்டியில் தட்டியபோது அது என்ன சொல்லிற்று என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை, சங்கம் என்றாலே எனக்கு இன்னும் ஒரு மரியாதை இருக்கிறது.

யாரும் இது ஏன் இப்படி என்று கேட்கவில்லை. கடல் ஏன் உப்பாக இருக்கிறது என்று கேட்காத ஊர் அது; உப்பாக இருப்பதால் பிழைக்கிற ஊர். மூன்று மாதத்தில் எல்லாம் பழகிவிட்டது. அளந்து பேசுகிறவனைப் பார்த்து, இவன் பெட்டிக்குப் பக்கத்து வீட்டுக்காரன் போல என்றார்கள். கடைசியில் தினமும் வந்தவர்கள் கண் போன கிழவிகளும் கிழவர்களும்தான். ஆஸ்பத்திரிச் சீட்டு, பென்ஷன் காகிதம் இவற்றைக் கொண்டுவந்து, கண் தெரிந்த யாரையாவது பிடித்துத் தட்டச் சொல்லிக் கேட்டுப் போனார்கள். முதியோர் பென்ஷனுக்கு மனுப் போட்டிருந்த ஒரு கிழவிக்கு மனுவின் நகலை வாசித்துவிட்டு, "விட்டது. இந்த மனுவை இன்னும் யாரும் பிரிக்கவில்லை" என்றது. அவள் எழுந்து நேராகத் தாலுகா ஆபீஸுக்குப் போய் அதைப் பிரிக்க வைத்துவிட்டுத்தான் வந்தாள். நாற்பது வருடம் நான் செய்த வேலையை அது செய்தது. என்னைவிட ஒழுங்காகச் செய்தது. அந்த வித்தியாசம் எனக்கு மட்டுந்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் நான் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். ஒவ்வொரு நாளாக, முதல் நாள், இரண்டாம் நாள் என்று எழுதி, பெட்டி விட்டது விட்டது என்று சொல்லச் சொல்லத் திருத்தி, மூவாயிரத்தை நானூற்றுப் பத்தாக்கி, என் மண்டையை உடைத்தது போலீஸ்காரன் அல்ல, ஓடும்போது நானே போய் மோதிய பம்புசெட் ஷெட்டின் தகரம் என்பதையும் ஒத்துக்கொண்டு, நாற்பத்தாறாம் நாள் வரைக்கும் வந்தேன். அங்கே நின்றேன்.

நாற்பத்தேழாம் நாள்தான் ஒப்பந்தம். எங்கள் கோரிக்கை ஏழு. ஆறாவது, பெண்கள் கேட்டது: உப்பு வாருகிற ஒவ்வொருவருக்கும் வருடம் ஒரு கறுப்புக் கண்ணாடி, ரப்பர் செருப்பு, கண் வைத்தியம். அதைக் கேட்க வைத்தவள் வெயிலாச்சி. அப்போது அவளுக்கு முப்பது வயது. முன்னூறு பெண்களையும் முதல் நாள் கூட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான். நாற்பத்தேழாம் நாள் பயணியர் விடுதியில் மேசைக்கு அந்தப் பக்கம் முதலாளிகள், நடுவில் அதிகாரி, இந்தப் பக்கம் நான். மழைக்கு மூன்று வாரந்தான் இருந்தது, மழை விழுந்தால் அளம் மூடிவிடும், வேலைநிறுத்தத்துக்கு அர்த்தமே இல்லாமல் போகும். ஆண்கள் வேலைக்குத் திரும்பலாம் என்று முணுமுணுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஆறாவதை எடுத்துவிட்டால் மற்ற ஆறுக்கும் கையெழுத்து என்றார்கள். நான் போட்டேன்.

போட்டதில்கூட எனக்கு அவமானம் இல்லை. போராட்டத்தில் பின்வாங்குவது உண்டு, எத்தனையோ பிரசுரத்தில் படித்திருக்கிறேன். ஆனால் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வரப்புக்கு வந்து, காத்திருந்த பெண்களின் முகத்தைப் பார்த்ததும், ஐந்தாவது ஷரத்தை வாசித்து முடித்த என் வாய், காகிதத்தில் இல்லாத ஆறாவது ஷரத்தையும், அதே குரலில், அதே வேகத்தில், வாசித்துவிட்டது. குலவை போட்டார்கள். முன்னூறு பேரும் ரேகை வைத்தார்கள். அடுத்த வருடம் எப்படியாவது வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வருடம் நான் சிறையில் இருந்தேன், அதற்கடுத்த வருடம் வேறு போராட்டம்.

கண்ணாடி வரவில்லை. வெயிலாச்சி மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு முதலாளி ஆபீஸுக்குப் போய்க் கேட்டாள். கணக்குப்பிள்ளை ஒப்பந்தத்தை எடுத்து, அப்படி எதுவும் இதில் இல்லை என்று காட்டினான். "எங்க அண்ணாச்சி வாசிச்சாவ, அவிய வாசிச்சா வாசிச்சதுதான், நீ பொய் சொல்லுத" என்று அவன் கன்னத்தில் அறைந்தாள். அதோடு சங்குமேட்டில் எந்த அளத்திலும் அவளுக்கு வேலை இல்லை என்றாயிற்று. உடைமரம் வெட்டி விறகு விற்றுப் பிழைத்தாள். என்னிடம் வந்து கேட்டபோது நான் சொன்னேன்: "அவன் காகிதத்தை மாத்திட்டான் வெயிலாச்சி. முதலாளி வர்க்கம் அப்படித்தான்." அவள் நம்பினாள். முதலாளிகளைப் பற்றி அதற்குப் பிறகு நான் எழுதிய பிரசுரம் ஒவ்வொன்றிலும், ஒப்பந்தத்தையே மாற்றிய மோசடிக்காரர்கள் என்று ஒரு வரி இருக்கும். நாளாக நாளாக நானே அதைக் கோபத்தோடு எழுதினேன்.

பெட்டிக்கு முன்னால் அந்த நாளை எப்படித் தட்டுவது? பத்து நாள் உட்கார்ந்து, பத்து நாளும் வாசலாகிய இரண்டு மேட்டையும் தடவிவிட்டு எழுந்தேன். ஞானதுரைக்குப் பொறுக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை மலர் அச்சுக்குப் போகுது அண்ணாச்சி. அந்த ஒரு நாளு மட்டும் பெட்டி வேண்டாம், நீங்க வாயால சொல்லுங்க, நான் போன்ல ஏத்திக்கிடுதேன். உப்பளச் சிங்கம்னு தலைப்புப் போட்டாச்சு."

என் எழுத்தை எவன் கையிலும் கொடுக்காதவன், சரி என்றேன். வியாழக்கிழமை மூன்று மணிக்கு வா என்றேன்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு வெயிலாச்சி வந்தாள். கூடப் பதினோரு பெண்கள், எல்லாரும் அந்தக் காலத்து ஆட்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி. முன்னால், அன்றைக்கு வங்கிக்கு லீவு போட்டிருந்த ஜெசிந்தா கோலைத் தட்டிக்கொண்டு. பஸ் ஸ்டாப்பில் சந்தித்து ஒன்றாக வந்திருக்கிறார்கள். பன்னிரண்டு பேரில் நான்கு பேருக்குத்தான் கொஞ்சம் வெளிச்சம் தெரியும். வாசல்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். வரப்பில் உட்கார்ந்த அதே வரிசைதான் என்பது குரல்கள் வந்த திசையில் தெரிந்தது.

"விழாவுல பொன்னாடை போத்துதாவளாம், வரச் சொல்லியிருக்காவ" என்றாள் வெயிலாச்சி. "பொன்னாடை கெடக்கட்டும் அண்ணாச்சி. அந்த ஒப்பந்தத்தப் பெட்டிகிட்ட ஒருக்கா தட்டுங்க. காகிதத்த அவனுவ எப்ப மாத்துனானுவ, எவன் மாத்துனான், அது சொல்லிருமில்லா? நாப்பது வருசமா என்னப் பொய்க்காரின்னு சொல்லுதானுவ. சாவுறதுக்கு முன்ன அந்தப் பேர அறியணும்."

"ஏட்டி, செத்தவன் பேரா இருந்தா என்ன செய்வ?" என்றாள் ஒருத்தி.

"குழியத் தோண்டி அறைவேன்."

சிரித்தார்கள். நான் உட்கார்ந்தேன். நான் மட்டும் நாற்காலியில் இருந்தேன். இரண்டு மேட்டையும் தடவி வாசலைக் கண்டுபிடித்தேன். பழகிய நடையில்தான் ஆரம்பித்தேன்: சந்தர்ப்ப சூழ்நிலைகளின் நிர்ப்பந்தத்தால் ஆறாவது கோரிக்கை ஒத்திவைக்கப்பட்டது.

பெட்டி வாசித்தது. மூச்சு விட்டது. "விட்டது. ஒத்திவைத்தது யார்."

தரையில் சலசலப்பு இருந்தது. "ஒத்திவச்சதுன்னா?" என்று யாரோ கேட்டாள். நான் தட்டினேன்: போராட்டக் குழு.

"விட்டது. அறையில் குழு இல்லை. ஒருவர் இருந்தார்."

நான் என்று தட்டினேன். ஒரே சொல், இரண்டே எழுத்து. அதை வாசித்துவிட்டுப் பெட்டி சொன்னது: "விட்டது. காகிதம் மாற்றப்படவில்லை. பெண்களுக்கு வாசித்துக் காட்டியபோது, இல்லாத ஷரத்தை இருப்பதாக வாசித்தது."

 வெளியே லாரி ஒன்று பின்னால் போகிற சத்தம் மட்டும் வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது, ஆனால் திரும்பக்கூட இல்லை. மழை வரப்போகிறது என்று எழுதினேன், ஆண்கள் திரும்பப் பார்த்தார்கள் என்று எழுதினேன், அடுத்த வருடம் வாங்கிவிட நினைத்தேன் என்று எழுதினேன்; எல்லாம் உண்மை, பெட்டி எல்லாவற்றையும் மறுக்காமல் வாசித்தது, ஒவ்வொரு முறையும் வாசித்து முடித்துவிட்டு, "விட்டது" என்று ஆரம்பித்தது. கணக்குப்பிள்ளையை அவள் அறைந்த நாளைச் சொன்னது. அன்று சாயங்காலம் நான் அவளுக்குச் சொன்ன பதிலைச் சொன்னது. பிரசுரங்களில் வந்த வரியைச் சொன்னது. எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்து நான் கையை எடுத்தபோது, இன்னும் ஒரு முறை மூச்சு விட்டு, "விட்டது" என்றது.

அது எது என்று எனக்குத் தெரியும். பெட்டி சொல்வதற்கு முன்னால் அதன் பேச்சை நிறுத்தும் கட்டையை அழுத்தினேன். ஜெசிந்தா சொல்லிக்கொடுத்த கட்டைதான். அறையில் குரல் நின்றது. இனி அதை யாரும் சொல்லப் போவதில்லை, நான் எழுந்து போய்விடலாம். அப்படி எழுந்து போகக்கூடியவன்தான் நான் என்பது அந்த நிமிஷத்தில் எனக்கே நன்றாகத் தெரிந்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் ஜெசிந்தா.

"நானே எழுதிருதேன்" என்றேன்.

எந்த எழுத்தில் கை போகிறது என்று தெரியாமல், சத்தம் இல்லாத கட்டைகளில் தட்டினேன். தட்டி முடித்துவிட்டுப் பேச்சைத் திறந்து வாசிக்கச் சொன்னேன். பெட்டி மாட்டுவண்டி வேகத்தில் வாசித்தது: பயணியர் விடுதியில் ஆறாவது கோரிக்கையை வாசித்ததும் முதலாளிகளில் ஒருவர், பெண்டுகளுக்குக் கறுப்புக் கண்ணாடியா, சினிமாவில் டூயட் பாடப் போகிறார்களா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூச்சு விடுகிற நேரம் வந்தது, போயிற்று. பெட்டி மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை.

"சிரிச்சியா?" என்றாள் வெயிலாச்சி. நாற்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் வாயில் அண்ணாச்சி என்ற சொல் இல்லை.

"சிரிச்சேன்."

"சத்தமாவா?"

"சத்தமாத்தான்."

"எங்கள நெனச்சுக்கிட்டா?"

 அந்தக் கேள்வியை யாரும் பெட்டியில் தட்டவில்லை. பெண்களில் மூத்தவள், எப்போதும் பாட்டுப் பாடுகிறவள், "டூயட்டுக்கு நல்லாத்தான்டி இருந்திருக்கும்" என்றாள். ஓரிருவர் சிரித்துவிட்டார்கள்; பிறகு ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். வெயிலாச்சி சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். எத்தனையோ மேடையில் எத்தனையோ பேரை மன்னிப்புக் கேட்க வைத்தவன் நான், அந்த வார்த்தைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். "தோழர்களே" என்று ஆரம்பித்தேன்.

"வேண்டாம்" என்றாள். "நீ ஒண்ணும் வாசிக்காண்டாம்." அவள் எழுந்து வருவது கேட்டது, முழங்கால் நெட்டி முறிகிற சத்தத்தோடு, கையால் சுவரைத் தடவிக்கொண்டு. நாற்காலியின் முதுகைப் பிடித்து நின்றாள். "எந்திரி. நான் உக்காரணும்."

எழுந்தேன். அவள் உட்கார்ந்தாள். "தாயி, ஜெசிந்தா, இதுல எது எதுன்னு எனக்குச் சொல்லிக் குடு."

"எழுத்துத் தெரியுமா பாட்டி?"

"தெரியாது. சத்தம் தெரியும். நான் சத்தத்தச் சொல்லுதேன், நீ அது எங்கன இருக்குன்னு விரலப் பிடிச்சு வையி."

ஞானதுரை மூன்று மணிக்கு வந்து, வாசலில் நின்று, போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான் என்று பிறகு சொன்னார்கள். நான் தரையில் உட்கார இடம் தேடினேன். குனிந்து கையால் துழாவினேன். முழங்கால்கள் இருந்தன, சேலைத் தலைப்புகள் இருந்தன, யாரும் நகரவில்லை. ஒருவரும் போ என்றும் சொல்லவில்லை. துழாவிக்கொண்டே வாசல்படி வரை வந்து, செருப்புகள் கிடந்த இடத்தில் இரண்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.

உள்ளே கட்டை ஒன்று அமுங்கியது. பெட்டி ஒரு எழுத்தைச் சொன்னது. பெண்கள் அதைத் தங்களுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். வெகுநேரம் கழித்து இன்னொரு எழுத்து. விறகு வெட்டிய விரல் என்பதால் பலமாக அமுக்கி ஒரே எழுத்து நாலைந்து தடவை வந்தது, ஜெசிந்தா அழித்தாள், பெட்டி அழிந்ததையெல்லாம் சொல்லியது. அவள் என்ன எழுதுகிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஊரில் எந்த வாக்கியத்துக்கும் முதல் சொல்லைக் கேட்டாலே முடிவைச் சொல்லிவிடக்கூடியவன் நான். அன்று அடுத்த எழுத்து எது என்பதுகூடத் தெரியாமல், அது வரும்வரை, அவர்கள் எல்லாரும் காத்திருந்ததைப் போலவே காத்திருந்தேன்.